மிருகால் என்று நம்பி வளர்த்த மீன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதக் காலையில், மேலூர் பக்கம் எங்கள் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் முதல்முறையாக வலை இழுத்தோம். 40 சென்ட் குட்டை. முந்தைய புரட்டாசியில் 1000 விரலி, அதாவது விரல் நீள மீன்குஞ்சு, விட்டிருந்தேன். கட்லா 400, ரோகு 300, மிருகால் 300 என்று சொல்லித்தான் குஞ்சு வண்டிக்காரர் ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகளை இறக்கிவிட்டுப் போனார். நானும் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன், உள்ளே வெள்ளை வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது, சரி என்று குட்டையில் விட்டுவிட்டேன். 7 மாதம் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டேன். சாயங்காலம் கரையில் நின்றால் மீன் துள்ளுவது தெரியும், மனசு நிறையும், ஆனால் துள்ளுவது என்ன மீன் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

வலை கரையேறியதும், இழுக்க வந்திருந்த அண்ணன் குனிந்து இரண்டு கை அள்ளிப் பார்த்தார். சுற்றுவட்டாரக் கண்மாய்களில் 30 வருடமாக வலை இழுப்பவர். "தம்பி, மிருகால்னு சொன்னீங்களே, ஒண்ணக்கூடக் காணோமே?" என்றார். நான் வெள்ளையாக நீளமாக இருந்த ஒன்றைக் காட்டி, இதுதானே அண்ணே என்றேன். அவர் அதை வாங்கி வாயைப் பிதுக்கிக் காட்டினார். வாயோரத்தில் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாகச் சதை மீசை, மொத்தம் நான்கு. "இது சாதாக் கெண்டை. முதுகைத் தடவிப் பாருங்க, எம்புட்டு தூரம் போகுதுன்னு." முதுகுத் துடுப்பு நடு உடம்பில் தொடங்கி வால் பக்கம் வரை நீளமாக ஓடியது, அதன் முன்னால் இருந்த முள்ளைத் தடவினால் ரம்பம் மாதிரி பல் பல்லாக விரலில் தட்டியது. ஏழு மாதம் தினமும் தீவனம் போட்ட மீனை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

அதில் என்ன நஷ்டம், அதுவும் மீன்தானே என்று சிலர் கேட்டார்கள். நஷ்டம் விலையில் மட்டும் இல்லை. சாதாக் கெண்டை அடிமண்ணைக் கிளறித் தின்கிற மீன், கரையையும் குடைந்துவிடும். எங்கள் குட்டைத் தண்ணீர் அந்த வருடம் முழுக்கச் செம்மண் கலங்கலாகவே கிடந்தது, நான் மண்வாகு அப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கலங்கினால் வெயில் உள்ளே இறங்காது, வெயில் இறங்காவிட்டால் பச்சைப் பாசிநுண்ணுயிர் வளராது, அது வளராவிட்டால் அதைத் தின்று வாழும் நுண்ணிய பூச்சிகளும் இருக்காது, கட்லாவுக்கு உணவே அந்தப் பூச்சிகள்தான். முக்கால் கிலோவாவது வரும் என்று நான் எதிர்பார்த்த கட்லா 350 கிராமில் நின்றதற்கு இதுதான் காரணம். வலையில் பாதிக்குப் பாதி உள்ளங்கை அகலச் சிலேபி (திலாப்பியா) மீன் வேறு. அதை நான் குட்டையில் விடவே இல்லை.

அன்று முதல் மீனைப் பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். அந்த அண்ணனிடமும், மதுரையில் நான் மீன் வாங்கும் இடத்தில் மீன் ஆய்ந்து கொடுக்கும் ஓர் அக்காவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, அப்புறம் அறுத்துப் பார்த்தும் படித்தும் சரிபார்த்தது, இவைதான் கீழே இருப்பவை. குட்டை வைத்திருப்பவர்களுக்கும், கண்மாய் மீன் வாங்குகிறவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். கலங்கல் தண்ணீரில் வளர்ந்த ரோகு வெளிறி இருக்கும், பாசித் தண்ணீரில் வளர்ந்தது கறுத்திருக்கும், செத்து ஒரு மணி நேரம் ஆனால் இரண்டுமே வேறு நிறம். "வாயப் பாருங்க தம்பி, அது எங்க சாப்பிடுதுன்னு வாய் சொல்லிரும்" என்பது அந்த அக்கா சொன்ன முதல் பாடம். கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும், கீழ்த்தாடை தூக்கிக்கொண்டு நிற்கும், தலை உடம்புக்குப் பெரிது, மீசையே கிடையாது. மேல்மட்டத் தண்ணீரில் மிதப்பதை உறிஞ்சுவதற்கு ஏற்ற அமைப்பு. ரோகுவின் தலை சிறியது, வாய் முன்னால் சற்றே கீழ்நோக்கி இருக்கும், உதடு தடித்து ஓரத்தில் குஞ்சம் வைத்த மாதிரி சிறுசிறு மடிப்பு தெரியும். நடுமட்டத்தில், தண்டிலும் இலையிலும் ஒட்டிய பாசியைக் கரண்டித் தின்பதற்கு அந்த உதடு. மிருகாலுக்கு வாய் அடிப்பக்கம், அகலமாக, உதடு மெலிசு, உடம்பு ஒல்லியாக நீண்டு வெள்ளி மாதிரி பளபளக்கும். அடியில் மக்கிக் கிடப்பதைத் தின்னும். மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தையும் மூன்று மீன் பங்குபோட்டுக்கொள்ளட்டும் என்றுதான் 40, 30, 30 என்ற விகிதத்தில் விடச் சொல்கிறார்கள். அடிமட்டத்துப் பங்கு எங்கள் குட்டையில் வேறு ஒரு மீனுக்குப் போய்விட்டது.

மிருகாலுக்கும் சாதாக் கெண்டைக்கும் குழப்பம் வந்தால் வாயைவிடச் சுலபமான அடையாளம் முதுகுத் துடுப்புதான். மிருகாலுக்கு அது குட்டை, நடு முதுகோடு முடிந்துவிடும், ரம்ப முள் இல்லை. சாதாக் கெண்டை நம் ஊர் மீனே இல்லை. அதில் ஒரு வகை, உடம்பில் அங்கங்கே பெரிய பெரிய செதில் மட்டும் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி இருக்கும் கண்ணாடிக் கெண்டை, 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளியில் இன்று நாம் பார்க்கும் வகை 1957இல் பாங்காக்கிலிருந்து கொண்டுவரப்பட்டது. கட்லாவும் ரோகுவும்கூடக் கங்கைப் பக்கத்திலிருந்து தெற்கே கொண்டுவந்து விடப்பட்டவைதான். காவிரியின் சொந்தக் கெண்டைகள், அதாவது சேல்கெண்டை, வெண்கெண்டை போன்றவை, இப்போது சந்தையில் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகின்றன. இதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் தேங்கிய குட்டையில் இனம் பெருக்காது. ஆற்றில் வெள்ளம் வரும்போது முட்டையிடும் மீன்கள் அவை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியை எடுத்துச் சாறாக்கி ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார், அதனால்தான் இன்று பண்ணையில் குஞ்சு கிடைக்கிறது. அந்த நாளை மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் சாதாக் கெண்டையும் சிலேபியும் குட்டையிலேயே பெருகும். ஒன்று தவறிப்போய் உள்ளே வந்தாலும் அடுத்த வருடம் குட்டை அதனுடையது என்பது இதனால்தான்.

சிலேபியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் சின்ன வயதிலிருந்து தின்று வளர்ந்த மீன், நாட்டு மீன் என்றே நினைத்திருந்தேன். ஆப்பிரிக்க மீன், இந்தியாவுக்கு வந்தது 1952இல். பெண் சிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். வலையில் அகப்பட்ட ஒன்றைக் கூடையில் போட்டதும் வாயிலிருந்து பொலபொலவென்று கண்ணும் வாலுமாகக் குஞ்சு கொட்டியதை நானே பார்த்தேன். ஒரு குஞ்சும் வீணாகாமல் காப்பாற்றினால் பெருகாமல் என்ன செய்யும்? அடையாளம் எளிது. மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால் வரை ஒரு கோடு ஓடும், ஒவ்வொரு செதிலிலும் ஒரு ஓட்டை வைத்துத் தைத்த மாதிரி. தண்ணீரின் அசைவை உணர மீனுக்கு இருக்கும் உறுப்பு அது, பக்கக்கோடு என்பார்கள். கெண்டைகளில், அதாவது கட்லா, ரோகு, மிருகால், சாதாக் கெண்டை எல்லாவற்றிலும், அது ஒரே கோடாக ஓடும். சிலேபியில் மேலே ஒரு துண்டு நடுவழியில் நின்றுவிட்டு, கீழே இன்னொரு துண்டு தொடங்கும். மூக்கையும் பாருங்கள்: கெண்டைக்குப் பக்கத்துக்கு இரண்டு துளை, சிலேபிக்குப் பக்கத்துக்கு ஒன்றுதான். எங்கள் குட்டைக்குள் அது வாய்க்கால் தண்ணீரோடு வந்திருக்கிறது. இப்போது மடையில் கொசுவலை மாதிரி நெருக்கமான வலையை இரண்டு அடுக்காகக் கட்டித்தான் தண்ணீர் விடுகிறேன்.

புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் வந்தால் குழப்பமே வேண்டாம். புல்கெண்டை உருளைக்கட்டை மாதிரி நீளமாக, பெரிய செதிலோடு, மீசையில்லாமல் இருக்கும். வெள்ளிக்கெண்டைக்குச் செதில் பொடிப்பொடி, கண் தலையின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி இருக்கும், பார்த்தவுடன் ஏதோ கண் இடம் மாறின மாதிரித் தெரியும்.

சரி, செதில் இல்லாத மீன்களுக்கு வருவோம், ஏனென்றால் அங்கே தப்பாக அடையாளம் கண்டால் காசு போவதோடு முடியாது.

எங்கள் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியற்காலையில் சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் கரையில் கூடி நிற்கும், ஊர்ப் பெரியவர் துண்டை வீசியதும் ஒரே நேரத்தில் இறங்குவோம். அவரவர் வலை, கச்சா, ஊத்தா என்று கையில் கிடைத்தது. பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துச் சாமிக்குப் படைத்துச் சாப்பிட வேண்டும். ஊத்தா என்பது மூங்கிலில் கூம்பு மாதிரி பின்னிய, மேலும் கீழும் திறந்த கூடை. சேற்றில் அழுத்திவிட்டு மேல் வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி மீனை எடுக்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கைதான் கண். போன வருடம் அப்படித் துழாவும்போது வழவழப்பாக ஒன்று தட்டுப்பட்டது, கெளுத்தி என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன். பிடித்த நொடியில் கட்டைவிரல் அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகிய மாதிரி ஒரு வலி. தேளி.

தேள் கொட்டிய மாதிரி வலிக்கும் என்பதால்தான் அந்தப் பெயரே. மார்புத் துடுப்பின் முன்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முள், அதில் விஷம். கெளுத்திக்கும் மார்புத் துடுப்பில் முள் உண்டு, முதுகிலும் உண்டு, குத்தினால் கடுக்கும், ஆனால் தேளியின் வலி வேறு. பக்கத்தில் நின்ற பெரியப்பா முறை ஆகும் ஒருவர், "கையை உதறாதே, கரைக்கு வா" என்று கூட்டிப்போய், அங்கே டீக்கு வைத்திருந்த வெந்நீரை விளாவி, பொறுக்கும் சூட்டில் கையை முக்கி வைக்கச் சொன்னார். அரை மணி நேரம் வைத்திருந்த பிறகுதான் அழுகை வராமல் பேச முடிந்தது. இது வெறும் கைவைத்தியம் இல்லை, அந்த விஷம் சூட்டில் சிதையும் என்பதால் மருத்துவர்களும் இதையே செய்கிறார்கள். சூட்டை மற்ற கையால் சோதித்துவிட்டு வையுங்கள், மரத்துப்போன கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கிறதா என்று பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். நான் அடுத்த நாள்தான் போனேன், அதற்குள் கை வீங்கிவிட்டது. அன்றே போயிருக்க வேண்டும்.

இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நாலு ஜோடி மீசை, அதை வைத்துச் சொல்ல முடியாது. கெளுத்திக்கு முதுகுத் துடுப்புக்குப் பின்னால், வாலுக்கு முன்னால், முள்ளோ நரம்போ இல்லாத சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்று பெயர். தேளிக்கு அது கிடையாது. தேளியின் முதுகுத் துடுப்பு சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துக்கடா, ஆனால் வயிற்றடியில் ஓடும் துடுப்பு வால் வரை நீண்டிருக்கும், உடம்பு கருஞ்சிவப்பாகத் தட்டையாக இருக்கும். செவுள் அறையிலிருந்து முதுகுச் சதைக்குள் நீளமாக இரண்டு காற்றுப் பைகள் போகின்றன, அதனால் வெறும் சேற்றிலும் நெடுநேரம் மூச்சுவிட்டுக் கிடக்கும். கண்மாய் வற்றி மற்ற மீனெல்லாம் வாய் பிளக்கும்போது கைக்குத் தட்டுப்படுவது தேளியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். முதுகுத் துடுப்பும் வால் வரை நீளமாக ஓடினால் அது வேறு கூட்டம், ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அதில் ஒன்று. அதை வளர்ப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அது உள்ளே வந்தால் உள்ளூர் மீன் எதையும் விட்டுவைக்காது, யாராவது குஞ்சு தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

வாளைக்கும் செதில் இல்லை, இரண்டு ஜோடி மீசை, கண்ணைத் தாண்டிப் பிளக்கும் வாய், வரிசை வரிசையாகப் பல். இந்தப் பெயர் படுத்தும் பாடு கொஞ்சமில்லை. கடற்கரையில் வாளை என்றால் பெல்ட் மாதிரி நீண்ட வெள்ளி மீன், எங்கள் பக்கம் வாளை என்றால் இந்த ஆற்று மீன், சொட்டைவாளை என்பது முதுகு வளைந்த மூன்றாவது ஒரு மீன். மூன்றுக்கும் உறவே இல்லை. கெண்டை என்ற பெயரும் அப்படித்தான், செதில் உள்ள எதற்கும் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பெயரைக் கேட்டு வாங்குவதைவிட மீனைப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்.

விராலுக்கும் குறவைக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருப்பதால் அங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். இரண்டுக்கும் பாம்புத் தலை, தலைமேல் தகடு தகடாகச் செதில், முதுகில் முள்ளே இல்லாமல் நீளமாக ஓடும் துடுப்பு. விராலுக்குப் பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகள், வயிறு வெள்ளை, முழங்கை நீளத்துக்கு மேலும் வளரும். குறவை ஒரு சாண் வளர்ந்தால் பெரிது, உடம்பில் கறுப்புப் புள்ளிகள் இறைத்திருக்கும். அவுரி என்று சொல்லும் பெரிய விராலுக்கு வால் அடியில் கண் மாதிரி வளையப் பொட்டு, அதுவும் இளம் மீனில் நன்றாகத் தெரியும். விராலுக்கு ஏன் இந்த மதிப்பு என்றால், கெண்டைகளில் முதுகெலும்பும் விலா எலும்பும் போக, சதைக்குள் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த நுண்முட்கள் தனியாகப் புதைந்திருக்கும், விராலில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தைக்கும் பல் போனவர்களுக்கும் தைரியமாகக் கொடுக்கலாம். செவுளுக்கு மேலே காற்றை நேராக உள்ளிழுக்கும் அறை இருப்பதால் உயிரோடு விற்கிறார்கள், உயிரோடு இருப்பதை வாங்குவதே நல்லது. ஒரு வேண்டுகோளும் உண்டு. கண்மாய் ஓரத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பது மாதிரி மேலே வந்து வந்து போனால் அது விரால் குஞ்சு, கீழே தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த நேரத்தில் தூண்டில் போட்டால் சுலபமாக மாட்டும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் மிஞ்சாது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இந்த விரால், குறவை, தேளி எல்லாவற்றையும் அறிவியல் உலகுக்கு முதலில் எழுதி அறிமுகப்படுத்தியவர் 1790களில் பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவர். தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் ஒருவர் மீன்களைப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்ப, அங்கே உட்கார்ந்து அவர் துடுப்பு நரம்பை எண்ணியிருக்கிறார். பனையேறிக் கெண்டை பனை மரத்தில் ஏறியதைத் தரங்கம்பாடியில் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியதும் அதே காலத்தில்தான். மரம் ஏறுமோ என்னவோ, மழை நாளில் செவுள் மூடியின் ரம்பப் பல்லை ஊன்றி ஊன்றி வரப்பில் நகர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன்.

சந்தையில் இன்னொரு ஏமாற்று நடக்கிறது. தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வாவல் என்று சொல்லி 6 கிலோ வாங்கி வந்தார்கள். வட்டமாக, தட்டையாக, பார்க்க வாவல் மாதிரியேதான் இருந்தது. எனக்குக் கண்ணில் பட்டது வால் பக்கம் முதுகில் இருந்த ஒரு சின்னச் சதைத் துடுப்பு. கெளுத்தியில் பார்த்த அதே கொழுப்புத் துடுப்பு. வாவலுக்கு அது கிடையாது. வயிற்றடியில் ஒரு ஜோடித் துடுப்பும் இருந்தது, வளர்ந்த வாவலுக்கு அதுவும் இருக்காது. வாயைத் திறந்தால் மனிதக் கடைவாய்ப் பல் மாதிரி பல் வரிசை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து குட்டைகளில் வளர்க்கப்படும் ரூப்சந்த் அது. தின்னக் கூடாத மீன் ஒன்றும் இல்லை, ஆனால் வாவல் விலை கொடுத்திருந்தார்கள். துண்டு போட்ட பிறகு இதையெல்லாம் பார்க்க முடியாது, அதனால் எந்த மீனையும் முழுசாகப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், உள்ளேயும் படிக்க நிறைய இருக்கிறது. செவுளைத் தூக்கினால் சிவப்பு இழைகள் மூச்சுக்கு. அதற்கு எதிர்ப்பக்கம் சீப்பு மாதிரி வெள்ளைப் பற்கள் இருக்கும், வடிகட்டி அதுதான். கட்லாவில் அது நெருக்கமாக இருக்கும், விராலில் அங்கங்கே கட்டை கட்டையாக. கெண்டைக்குத் தாடையில் பல்லே கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. தலைக்கறி சாப்பிடுகிறவர்கள் அந்தக் கெட்டியான துண்டைத் துப்பியிருப்பார்கள். ரோகு, மிருகாலின் குடலைப் பிரித்தால் முடிவில்லாமல் நீளும், பாசியும் மக்கலும் செரிக்க அவ்வளவு நீளம் வேண்டும். விராலுக்குக் குடல் குட்டை. கெண்டையின் காற்றுப்பை நடுவில் இறுக்கிக் கட்டின பலூன் மாதிரி இரண்டு அறையாக இருக்கும். முதுகெலும்பை ஒட்டிக் கறுஞ்சிவப்பாகக் கிடப்பது சிறுநீரகம், அதை நகத்தால் சுரண்டிக் கழுவினால்தான் குழம்பில் வீச்சம் வராது.

பித்தப்பை பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஈரலோடு ஒட்டிய பச்சைப் பை, உடைந்தால் கறி கசக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சர்க்கரைக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்று ரோகு, கட்லாவின் பித்தை அப்படியே விழுங்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள், எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் எனக்கும் எடுத்துக் கொடுத்தார். செய்யாதீர்கள். அதிலுள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. ஒரு மீனின் பித்து போதும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனவர்கள் இந்தியாவிலேயே பலர் உண்டு.

எனக்கு அடையாளம் தெரியாத மீன் கிடைத்தால் இப்போது உடனே, நிறம் போகும் முன்பே, இடது பக்கம் மேலே தெரியும்படி ஈரத் துணியில் கிடத்தி, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்துவிடுகிறேன். வாயைத் தனியாக ஒன்று, வயிற்றடியைத் தனியாக ஒன்று. உளுவையை நான் கண்டுபிடித்ததே வயிற்றடிப் படத்தில்தான். அதன் வயிற்றுத் துடுப்பு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிண்ணம் மாதிரி இருக்கும், மேலிருந்து பார்த்தால் ஏதோ மண்ணிறப் பொடி மீன் என்று போயிருப்பேன்.

குஞ்சு வாங்கும்போது செய்வது இது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதில்லை. வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன், ஒவ்வொரு பையிலிருந்தும் 50 குஞ்சு அதில் விடச் சொல்கிறேன். மேலிருந்து பார்த்தால் கட்லாக் குஞ்சின் பெரிய தலை தனியாகத் தெரியும், செவுள் மூடி வழியாகச் சிவப்பு தெரியும், வாலடியில் பொட்டு இருக்காது. ரோகு, மிருகால் குஞ்சுகளுக்கு வாலடியில் கறுப்புத் திட்டு உண்டு, அதில் ஒல்லியாக நீளமாக இருப்பது மிருகால். சந்தேகமான ஒன்றைச் சின்னக் கண்ணாடி டம்ளரில் எடுத்துப் பக்கவாட்டில் முதுகுத் துடுப்பின் நீளத்தைப் பார்க்கிறேன், அவ்வளவு சின்ன வயதிலேயே சாதாக் கெண்டைக்கு அது நீளமாகத்தான் இருக்கும். எண்ணி முடிக்க ஒரு பைக்குக் கால் மணி நேரம் ஆகிறது, வண்டிக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை, வெயில் ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அதனால் காலை 6 மணிக்கே வரச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் புரட்டாசியில் வந்த மிருகால் பையில் 50க்கு 7 சாதாக் கெண்டை இருந்தது. அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பையில் 50ம் மிருகால், பையைக் குட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, வாயை அவிழ்த்து, அதுவாக நீந்திப் போகட்டும் என்று சாய்த்துப் பிடித்தேன்.